இரண்டு பஸ் ஸ்டாண்டுகளுக்கு நடுவே

மஞ்சள் பை மடியில் இருந்தது, பைக்குள் கோடிச் சேலை இருந்தது, அந்தச் சேலை போய்ச் சேராமல் காசிமாயனைத் தூக்க முடியாது என்று நினைக்க நினைக்கச் சடையாண்டிக்கு ஒரு பக்கம் கெத்தாகவும் ஒரு பக்கம் உறுத்தலாகவும் இருந்தது. தங்கச்சி புருசன். விடியக்காலையில் பால் வாங்கி வந்து அடுப்படியில் வைத்துவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். சேதி வந்ததும் பொன்னழகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பங்காளி வீட்டுப் பெண்களோடு வேனில் ஏறிப் போனாள். ஏறும்போது புருசனை ஒரு பார்வை பார்த்தாள். சடையாண்டி வேப்பங்குச்சியால் பல்லைத் தேய்த்துக்கொண்டே நின்றார். வேன் போய் வெகுநேரம் ஆன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்குப் போன் வந்தது. அங்கம்மாதான். கல்யாணம் காட்சிகளில் பந்தலுக்கு அந்தப் பக்கம் கேட்டதோடு சரி, இருபத்திரண்டு வருசமாக அந்தக் குரல் அவரைப் பார்த்துப் பேசியதில்லை. "பொறந்த வீட்டுக் கோடி விழாம இவரைத் தூக்க விடமாட்டேன். மூணு மணிக்கு எடுக்கணும்ங்கறாக. எங்கண்ணன் வரட்டும். வரலைன்னா இவரு கெடக்கட்டும், நானும் பக்கத்துலயே கெடக்குறேன்." கத்திச் சொன்னாள். அண்ணனுக்குக் காது மந்தம் என்று அவளும்தான் நம்பிக்கொண்டிருந்தாள். போனை வைத்த பிறகு கடைவீதிக்குப் போய், அரக்கு கலரில் ஒரு சேலையைக் கையைக் காட்டி எடுத்துக் கட்டச் சொல்லி, கரைகூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டார். போவது, சேலையைத் தங்கச்சி தோளில் போடுவது, நாலு மணி பஸ்ஸைப் பிடிப்பது. செத்தவன் மூஞ்சியைப் பார்க்கக் கூடாது. அந்த ஊர்த் தண்ணீர் ஒரு மடக்கு வாயில் படக்கூடாது. இதை அவர் மனசுக்குள் மூன்று தடவை சொல்லிக்கொண்டார். நாலாவது தடவை சொல்லும்போது, அந்த ஊர்த் தண்ணீர் என்றாலே காசிமாயன்தானே என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது.

பஸ் புளியமர நிழலுக்குள் போய்ப் போய் வந்தது. வெயிலும் நிழலும் மாறி மாறி முகத்தில் அடித்ததில் கண் செருகியது. பக்கத்துச் சீட்டுப் பெண்ணின் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் காதுமடலில் புதுசாகக் குத்தின புண், அதில் சின்னதாக ஒரு வேப்பங்குச்சி. பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். திரும்பின பிறகும் குச்சி கண்ணுக்குள் நின்றது. "பெரிசு, எங்க எறங்கணும்?" என்று கண்டக்டர் தோளைத் தட்டினான். "சிந்தலைப்பேட்டை. பழைய பஸ் ஸ்டாண்டு." "அங்கிட்டெல்லாம் இந்த வண்டி போகாது. புது பஸ் ஸ்டாண்டுல எறங்கி நடந்துக்கங்க." இருபத்திரண்டு வருசம் ஆகியும் அது புதுசுதான். அப்போது அதைத் திறந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. சுவரில் பெயிண்ட் வாசம், தரையில் சிமெண்டுத் தூள், உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. அங்கேதான் அவர் ஏழு தாம்பாளத் தட்டோடு இறங்கினார். தங்கச்சி மகன் குணசீலனுக்குக் காதுகுத்து. மூன்று வயசு. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்துவார்கள், அதைச் செய்ய உலகத்தில் வேறு ஆள் கிடையாது, மற்ற எல்லாவற்றுக்கும் ஆள் மாற்றலாம், இதற்கு மட்டும் மாற்ற முடியாது, அந்த ஒரு நாளைக்கு ரைஸ்மில்லில் நெல் அவிக்கிறவனும் ராஜாதான். புது வேட்டியைச் சோற்றுக்கஞ்சி போட்டு விறைப்பாகத் தேய்த்துக் கட்டியிருந்தார். மடி கசங்கக் கூடாது என்று பஸ்ஸில் உட்காராமலே நின்று வந்தார். சட்டைப் பையில் ரோஸ் காகிதத்தில் மடித்த ஒரு ஜோடிக் கடுக்கன். "பஸ் ஸ்டாண்டுக்கு மேளத்தோட வந்து கூட்டிப் போறேன் மச்சான், நீங்களா நடந்து வந்துறாதீங்க" என்று காசிமாயன்தான் சொல்லியிருந்தார். எந்த பஸ் ஸ்டாண்டு என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஒரே ஒரு பஸ் ஸ்டாண்டு இருந்த ஊர்தானே அது. காசிமாயன் மேளக்காரர்களோடு பழைய இடத்தில் நின்றார். சடையாண்டி தட்டுகளோடு புது இடத்தில் நின்றார். ஒன்பதிலிருந்து பத்தரை வரை முகூர்த்தம். தட்டுத் தூக்க வந்த பங்காளி வீட்டுப் பெண்கள் "நடந்து போயிருவோமேண்ணே, கூப்பிடு தூரந்தான்" என்றார்கள். "மேளம் வராம மாமன் சீர் எப்புடி நடக்கும்? அநாதையா நாம?" என்றார். பதினொன்றேகாலுக்கு யாரோ ஒருத்தன் சைக்கிளில் வந்து, "குத்தியாச்சுங்க. பம்பு ஹவுசு வாட்ச்மேன் தவமணி மடியில ஒக்கார வச்சு…" என்று இழுத்தான். அவன் முடிக்கவில்லை. அவன் முடிக்கும் முன்னால் சடையாண்டி திரும்பி, நின்ற பஸ்ஸில் தட்டுகளை ஏற்றச் சொன்னார். வீடு வந்து சேரும்போது தேங்காய்களில் ஒன்று கீறி, தண்ணீர் தட்டெல்லாம் ஓடி, குழந்தைக்கு எடுத்த பட்டுச் சட்டை நனைந்துபோயிருந்தது. தவமணி மடியில். காவக்காரன் மடியில். அந்தச் சொல் இருபத்திரண்டு வருசமாகத் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது, சோற்றை உருட்டி விழுங்கினாலும் போவதில்லை.

காசிமாயன் கெட்டவரா என்றால் அதுவும் இல்லை, அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்திருந்தால் கோபம் இத்தனை வருசம் தாங்கியிருக்காது, ஒருநாள் நாலு வார்த்தை பேசித் தீர்ந்திருக்கும். நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. தோள் உயர இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவார். மூடியைத் தூக்கிச் சாவியை இறக்கித் திருகிவிட்டு, உடனே போய்விட மாட்டார். சாவிக்கம்பியின் தலையில் காதை வைத்துக்கொண்டு குனிந்து நிற்பார். கண்ணை மூடிக்கொள்வார். கல்யாணம் ஆன புதுசில் ஒருநாள் சடையாண்டியையும் கூட்டிப் போய், "வச்சுப் பாருங்க மச்சான்" என்றார். வைத்துப் பார்த்தார். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் ரொம்பத் தூரத்தில், பூமிக்கு அடியில், யாரோ சேலையை இழுத்துக்கொண்டு நடக்கிற மாதிரி ஒரு சத்தம். "மேட்டுத் தெரு தாண்டிருச்சு" என்றார் காசிமாயன். "இப்ப அய்யர் வீட்டு வளைவுல திரும்புது. இந்தா வந்துருச்சு." சொன்ன மாதிரியே தெருக்குழாய் இருமிக்கொண்டு தண்ணீரைக் கக்கியது. குடங்கள் ஓடி வந்தன. ஒரு கிழவி, "ஏப்பா தண்ணி மாயா, நேத்து எங்க தெருவ மறந்துட்டுப் பொண்டாட்டி பின்னால போயிட்டியாக்கும்" என்றாள். "பொண்டாட்டியும் ஒங்க தெருக் கொழாயடிலதான் நின்னா" என்றார் அவர். அப்படித்தான் பேச்சு. எதற்கும் கோபப்படத் தெரியாத மனுசன். சனிக்கிழமை சாயங்காலம் பூந்திப் பொட்டலம், பொங்கலுக்கு ஒரு மாதம் முன்னாலேயே வீட்டுக்கு வெள்ளை, சைக்கிள் முன்பாரில் துண்டைச் சுற்றிப் பிள்ளையை உட்கார வைத்து ஊரெல்லாம் சுற்றுவது, அங்கம்மாவுக்குத் தலைவலி என்றால் தானே ரசம் வைத்து அது புளிப்பாகப் போனதைத் தெருவுக்கே சொல்லிச் சிரிப்பது. இவ்வளவுதான் அந்த ஆளின் வாழ்க்கை. இதில் எங்கே ஒரு ஆணி இருக்கிறது என்று தடவிப் பார்த்தால் ஒரே ஒரு ஆணிதான், தவமணி மடி. பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. கீழே ஓடை வறண்டு கிடந்தது. தண்ணீர் பூமிக்குள் நடந்துகொண்டே இருக்கிறது, திறந்துவிட்டவன் மட்டும் படுத்துவிட்டான் என்று அரைத் தூக்கத்தில் தோன்றியது. இன்றைக்கு மேட்டுத் தெருவுக்கு யார் திறந்துவிட்டிருப்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருசமாகியும், புது ஆளுக்கு எந்த வளைவில் எவ்வளவு திருக வேண்டும் என்று தெரியவில்லையென்று காசிமாயன்தான் கூடப் போய்க்கொண்டிருந்தாராம். பொன்னழகு சொல்லியிருக்கிறாள். சுவரைப் பார்த்துச் சொல்வாள், அவர் காதில் விழுந்தால் விழட்டும் என்று.

காது. அதை நினைக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு நேரமும் மற்றதையெல்லாம் நினைத்தார். அன்றைக்கு அந்தப் புது பஸ் ஸ்டாண்டில் மேளம் கேட்டது. வேறு யாருக்கும் தெரியாது. தட்டோடு வந்த பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்குக் கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது. பஸ்கள் எல்லாம் போய் ஓய்ந்த ஒரு நிமிசத்தில், கிழக்கே கட்டிடங்களுக்குப் பின்னால் நாகசுரம் இழுத்தது, தவில் விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. யாரையோ எதிர்பார்த்து நிற்கிறவர்கள் வாசிக்கிற வாசிப்பு. அரை மைல்கூட இருக்காது. அது தனக்கான மேளம் என்று தெரிந்தது, இடம் மாறி நிற்கிறார்கள் என்பதும் தெரிந்தது. கால் எடுத்து வைத்திருந்தால் பத்து நிமிசம். எடுத்து வைக்கவில்லை. தேடி வரட்டும் என்று நின்றார். மாமனைத் தேடி அந்த மேளம் தெருத் தெருவாக வரட்டும், ஊர் பார்க்கட்டும், காசிமாயன் வியர்க்க வியர்க்க ஓடி வந்து "மன்னிச்சிருங்க மச்சான்" என்று தட்டை வாங்கட்டும். அந்தக் காட்சியை மனசுக்குள் பார்த்துக்கொண்டே நின்றதில் முகூர்த்தம் போய்விட்டது. பிறகு பஞ்சாயத்துப் பேச வந்தவர்களிடம், "மேளச் சத்தமே கேக்கலை" என்றார். "அம்புட்டுச் சத்தம் எப்புடிண்ணே கேக்காமப் போகும்?" என்று ஒருவர் கேட்டார். "மில்லுச் சத்தத்துல எனக்குக் காது மந்தமப்பா" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மறுநாளிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்பினார். மில்லில் சைகை காட்டினார்கள். பேரப்பிள்ளைகள் வாயைக் குவித்துக்கொண்டு வந்து காதுக்குள் கத்தின. கேட்டுக்கொண்டே கேட்காதவராக இருப்பது முதலில் கஷ்டமாக இருந்தது, அப்புறம் சௌகரியமாக இருந்தது, எது வேண்டுமோ அதை மட்டும் உள்ளே விட்டுக்கொள்ளலாம். காதுகுத்து முடிந்த எட்டாம் நாள் பொன்னழகு சோறு போட்டுக்கொண்டே, "அந்தப் பய காது இருக்குல்ல…" என்று ஆரம்பித்தாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதோடு அவள் அந்த வீட்டைப் பற்றி நேராகப் பேசியதே இல்லை. ஒருநாள் காசிமாயனே வந்தார். மழைக்கு முந்தின புழுக்கமான மத்தியானம். சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டதும் சடையாண்டி கொல்லைப்பக்கம் போய் விறகடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது. "மச்சான் இல்லையாக்கா? பரவால்ல. தண்ணி மட்டும் குடுங்க." குடித்தார். சொம்பைக் கீழே வைத்தார். "ஒன்னு சொல்லணும்னு வந்தேன். நான் காத வச்சுக் கேட்டே பொழைக்கிறவன். அன்னைக்குக் காத்து மேக்க அடிச்சுது. மச்சானுக்குக் கேட்டிருக்கும். கேட்டும் வரலைன்னா எம்மேல என்னமோ மனத்தாங்கல் இருக்கு. அது என்னன்னு தெரிஞ்சாச் சரி பண்ணிக்கிருவேன்." இவ்வளவும் சத்தமாகவே சொன்னார். விறகடுக்கைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். கம்பியில் காதை வைத்துத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சொல்கிறவனுக்கு, சுவருக்குப் பின்னால் மனுசன் மூச்சு விடுவது தெரியாதா. சடையாண்டி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். கட்டெறும்பு ஒன்று கணுக்காலில் கடித்தது, தட்டிவிடவில்லை. சைக்கிள் போய்விட்டது. கண்டுபிடித்துவிட்டானே என்றுதான் அதற்கப்புறம் கோபம் இரண்டு மடங்கானது. இப்போது வலது காது நிஜமாகவே அடைத்துவிட்டது, நாலைந்து வருசமாக. பொய்யாகக் கதவைச் சாத்தி வைத்திருந்த வீட்டில் தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்ட மாதிரி. இந்தக் காது போனால் அடுத்தது எது, கண்ணா, நெஞ்சா, பால் வாங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் நானும் இப்படித்தானா. எனக்குக் கோடி யார் கொண்டு வருவார்கள். பக்கத்துக் குழந்தை விழித்து, வேப்பங்குச்சியைத் தொட்டுப் பார்த்து, வலித்ததும் அம்மாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது.

"சிந்தலைப்பேட்டை எறங்குங்க." இறங்கினார். இரண்டேகால். சுவரில் பெயிண்ட் எல்லாம் உரிந்து, பெஞ்சுகள் வந்து, உடைந்து, மறுபடி வந்திருந்தன. அன்றைக்கு நின்ற தூண் எது என்று கால் தானாகவே கண்டுபிடித்து, அதன் நிழலில் போய் நின்றது. கோடி கொண்டு வருகிறவர்களையும் கொட்டோடு வந்துதான் அழைத்துப் போவார்கள். கோடிக்கு உரிய மரியாதை அது. யாரும் வந்திருக்கவில்லை. பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனது. அது போன பிறகு ஒரு நிமிசம் ஓய்ந்தது. அந்த ஓய்வில், கிழக்கே, கட்டிடங்களுக்குப் பின்னால், இழவுக்கொட்டு விழுந்தது. நல்ல காதான இடது காதை அந்தப் பக்கம் திருப்பினார். விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. தேடி வரட்டும் என்று ஒரு குரல் பழைய இடத்திலிருந்து பழையபடி சொன்னது. வருவதற்கு இனி யார் இருக்கிறார்கள் என்று சடையாண்டி அதனிடம் கேட்டார். மூன்று மணிக்கு எடுக்க வேண்டும். அவர் நிழலை விட்டு வெயிலில் இறங்கி நடந்தார். பாத்திரக்கடை, சோடாக்கடை, ஒரு பள்ளிக்கூடச் சுவர். நடந்தால் இவ்வளவுதானா, இவ்வளவுதானா என்று ஒவ்வொரு கடையும் கடந்து போனது. தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டது, அதன் அடியில் வந்தபோது எதிரே கொட்டுக்காரர்கள் நாலு பேரும், அவர்களுக்கு முன்னால் ஈர வேட்டியோடு ஒரு வாலிபனும் வந்துகொண்டிருந்தார்கள். காசிமாயனின் நடைதான், முழங்காலைக் கொஞ்சம் அகட்டி. "மாமா, புது பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கோம், நீங்க எதுக்கு நடந்தீக?" என்று கத்தினான் குணசீலன். காது கேட்காத மாமனுக்காகக் கத்தினான். "மெதுவாச் சொல்லு. கேக்குது" என்றார். அவன் நடுரோட்டில் அவர் காலில் விழுந்தான். கொள்ளி வைக்கிற பிள்ளை, குளித்த தலை. நீளமாக வளர்த்திருந்த முடியை ஈரத்தோடு பின்னால் வாரியிருந்தான். தோளைப் பிடித்துத் தூக்கும்போது அந்த முகம் அவர் முகத்துக்கு வெகு பக்கத்தில் வந்தது. வலது காதில் பழைய துளை தூர்ந்து ஒரு புள்ளியாகத் தெரிந்தது. இடது காதில் ஒன்றும் இல்லை. புள்ளிகூட இல்லை. மூன்று வயசுப் பிள்ளையின் மடல் மாதிரி வழவழவென்று இருந்தது. அவர் விரல் அதைத் தொட்டுவிட்டது. "இது என்னடா?" குணசீலன் காதைத் தடவிக்கொண்டு, "ஒங்களுக்குத் தெரியாதா?" என்றான். "நேரம் போகுதுன்னு ஒரு காது குத்திட்டாக. அடுத்த காதுக்கு அப்பா ஆசாரி கையப் பிடிச்சுக்கிட்டாராம். மச்சான் வந்து மடியில வச்சுக் குத்தட்டும்னு. பள்ளிக்கூடத்துல ஒத்தக்காதன்னு கேலி பண்ணுவாங்கெ. அப்பாட்ட அழுவேன். மாமா வரும்டா, இருடாம்பாரு." ரோஸ் காகிதத்தில் மடித்த கடுக்கன் ஊரில் டிரங்குப் பெட்டியில் இருந்தது. காலையில் பெட்டியைத் திறந்தபோது கையில் பட்டது, சாவு வீட்டுக்கு யார் கடுக்கன் கொண்டு போவார்கள் என்று உள்ளேயே போட்டுவிட்டு வந்திருந்தார். கொட்டுக்காரர்களில் மூத்தவர், "நேரமாகுது தம்பி, கோடிய மொதல்ல கொண்டு போயிருவோம்" என்றார். கொட்டு முன்னே போனது. கோடி பின்னே போனது. தெருவில் பெண்கள் குடத்தோடு நின்று வழி விட்டார்கள், குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள். வாசலில் பொன்னழகு அவரைப் பார்த்ததும் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டாள். அங்கம்மா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். சேலையைப் பிரித்து அவள் தோளில் போட்டார். ஒரு பக்கம் சரிந்தது, அவளே இழுத்துச் சரி செய்துகொண்டாள். "இம்புட்டுத் தூரந்தாண்ணே நம்ம ஊரு" என்றாள், அவ்வளவுதான், கத்தாமல் சொன்னாள். நாலு மணி பஸ் நினைவுக்கு வந்தது, போனது. தலைமாட்டுக்குப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். பார்க்கக் கூடாது என்றிருந்த முகத்தைப் பார்த்தார். தாடையைக் கட்டியிருந்த துணி காதுக்கு மேலாகப் போயிருந்தது. கண் மூடியிருந்தது, சாவிக்கம்பியில் காதை வைத்துக்கொண்டு நிற்கும்போது மூடுகிற மாதிரியேதான். தண்ணீர் எங்கே வருகிறது என்று இப்போது சொல்லப்போகிறவர் மாதிரி. சடையாண்டி குனிந்து, துணியை ஒரு விரலால் விலக்கி, அந்தக் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார். சுற்றியிருந்தவர்கள் ஏதோ சாங்கியம் என்று நினைத்து அழுகையை நிறுத்தினார்கள்.

"மேளம் கேட்டுச்சு மாப்ள" என்றார்.